கருந்துளை எதையும் துப்பவில்லை

2018 ஜூலை 12, வியாழக்கிழமை இரவு. நாளிதழ் ஒன்றின் மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு மேல் ஆங்கிலச் செய்தி ஒன்று வந்து விழுந்தது. தென்துருவப் பனிக்கடியில் சிக்கிய ஒரு நியூட்ரினோ துகள் எங்கிருந்து கிளம்பியது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றது செய்தி. கிளம்பிய இடம் ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு ராட்சதக் கருந்துளையின் அருகில். பக்கம் முடிய நாற்பது நிமிடம் இருந்தது. நான் தமிழில் முதுகலை படித்தவன். இயற்பியலைப் பத்தாம் வகுப்போடு வணங்கி வழியனுப்பியிருந்தேன். இருந்தாலும் தலைப்பு மட்டும் சட்டென்று வந்தது: ‘ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளை துப்பிய துகள்!’ துணை ஆசிரியர்கள் பாராட்டினார்கள். மோனை வேறு அமைந்திருந்தது.

பத்து நாள் கழித்து பிலாயிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். நறுக்கென்று நாலு வரி. ‘ஐயா, ஒளியே தப்ப முடியாத இடத்திலிருந்து துகள் எப்படித் தப்பியது? உங்கள் தலைப்பில் ஒன்று முதல் பாதி தவறு, அல்லது பின்பாதி தவறு. எது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.’

பதில் எழுதவில்லை. எது தவறு என்று எனக்கே தெரியாததுதான் காரணம். அதன் பிறகு இந்த விஷயத்தில் வந்த செய்திகளையெல்லாம் ஒருவிதக் குற்ற உணர்வோடு படித்து வந்திருக்கிறேன். அந்தக் கடன்தான் இந்த வாரப் பத்தி.

தவறு பின்பாதியில். கருந்துளை எதையும் துப்பவில்லை. அதன் எல்லைக்குள் போனது போனதுதான். வேடிக்கையெல்லாம் வாசலுக்கு வெளியே நடக்கிறது. பெரிய அண்டங்களின் நடுவில் சூரியனைப் போலப் பல லட்சம் முதல் பல நூறு கோடி மடங்கு வரை நிறை கொண்ட கருந்துளைகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை நோக்கி விழும் வாயு நேராகப் போய் விழுவதில்லை. குளியலறைத் தொட்டியில் அடைப்பை எடுத்தால் தண்ணீர் சுழல்வது போலத் தட்டாகச் சுழன்று, உராய்ந்து, கொதிக்கிறது. வாயுவோடு சேர்ந்து காந்தப் புலமும் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கின் பலத்தில், விழ இருந்த பொருளில் கொஞ்சம் விழாமலே தட்டுக்குச் செங்குத்தாக இரு பக்கமும் பீய்ச்சி அடிக்கப்படுகிறது. வேகம் ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் போகலாம். எல்லாக் கருந்துளைகளும் இப்படிப் பீய்ச்சுவதில்லை, பத்தில் ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இதை முதலில் பார்த்தவருக்கு அது என்னவென்று தெரியாது. கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஹீபர் கர்ட்டிஸ் என்பவர் 1918-ல் வெளியிட்ட குறிப்பில், எம்-87 என்ற மங்கலான மேகத்தின் நடுவிலிருந்து விசித்திரமான நேர்கோடு ஒன்று நீள்வதைப் பதிவு செய்தார். அப்போது அந்த மேகம் நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி அண்டம் என்பதே முடிவாகியிருக்கவில்லை. அந்த நேர்கோட்டின் நீளம் சுமார் 5,000 ஒளியாண்டு என்று இன்று தெரியும். அதன் அடியில் உள்ள கருந்துளையின் நிழலைத்தான் 2019 ஏப்ரலில் ஆரஞ்சு வளையமாக எல்லாப் பத்திரிகைகளும் அச்சிட்டன.

அந்த நேர்கோட்டை ஆங்கிலத்தில் ஜெட் என்கிறார்கள். அப்படியே ‘ஜெட்’ என்று எழுதினால் நம் வாசகருக்கு விமானம் ஞாபகம் வரும். ‘தாரை’ என்று நான் எழுதுகிறேன். நீர்த்தாரை, கண்ணீர்த்தாரை என்று புழங்கிய சொல். பெரிய தொல்லை கொடுத்தது அடுத்த சொல். தாரையின் முனை ஏறக்குறைய நேராக நம்மைப் பார்த்து நீட்டியிருந்தால் அந்த அண்டத்துக்குப் பெயர் பிளேசர். 2018-ல் அன்றிரவே பிழை திருத்துபவர் கேட்டார்: ‘பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கோட்டுதானே சார், இங்கே எங்கே வந்தது?’

அந்தப் பெயரே பாதி விளையாட்டாகப் பிறந்ததுதான். பல்லி ராசி என்று சொல்லத்தக்க லாசெர்ட்டா கூட்டத்தில் மினுக்கி மங்கிய ஒரு புள்ளியை, ஒளி மாறும் சாதாரண நட்சத்திரம் என்று நினைத்து ஜெர்மன் வானியலாளர் குனோ ஹாஃப்மைஸ்டர் 1929-ல் பட்டியலில் சேர்த்தார். பிஎல் லாசெர்ட்டே என்று பெயரும் கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பக்கத்தில் அது நட்சத்திரம் என்றே நம்பப்பட்டது. அது ரேடியோ அலைகளையும் கொட்டுகிறது என்று 1968-ல் தெரிந்த பிறகுதான் நட்சத்திர வேஷம் கலைந்தது. 1978-ல் பிட்ஸ்பர்கில் நடந்த மாநாட்டில், பிஎல் லாசெர்ட்டேயையும் குவேசரையும் ஒட்டவைத்து, சுடர்விட்டு எரிவது என்ற ஆங்கிலச் சொல்லின் சாயலும் வரும்படி ‘பிளேசர்’ என்றார் எட்வர்ட் ஸ்பீகல். தமிழில் இந்தச் சிலேடையைக் கொண்டுவர நான் செய்த முயற்சிகளை இங்கே சொல்லி வாசகரைச் சோதிக்கப் போவதில்லை.

நம்மைப் பார்த்து நீட்டியிருப்பதால் என்ன ஆகிறது? இரண்டு காரியங்கள். ஒன்று, டார்ச் விளக்கை முகத்தில் அடித்தது போல வெளிச்சம் நம் பக்கமே குவிகிறது. இன்னொன்று இன்னும் விநோதமானது. தாரைக்குள் ஒரு பொருள் ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் நம்மை நோக்கி 10 ஆண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது அனுப்பிய ஒளியைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டே அது பின்னால் ஓடி வருகிறது. பத்தாவது ஆண்டு முடிவில் அனுப்பும் ஒளி, முதல் ஒளிக்குப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதான் பின்தங்கியிருக்கும். ஆக, அங்கே 10 ஆண்டு நடந்த பயணம் நமக்கு 36 நாளில் நடந்து முடிந்ததாகத் தெரிகிறது. 1970-களின் தொடக்கத்தில் 3சி 279 போன்ற குவேசர்களில் வெளிச்ச முடிச்சுகள் ஒளியைவிட வேகமாக நகர்வதாகத் தெரிந்து பரபரப்பானது இதனால்தான். ஐன்ஸ்டைனுக்கு ஆபத்தில்லை. இப்படித் தெரியக்கூடும் என்று மார்ட்டின் ரீஸ் 1966-லேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

இந்தத் தாரைகள் சீராக எரிவதில்லை. வாரக்கணக்கில் சாதுவாகக் கிடந்துவிட்டு, திடீரென்று சில மடங்கு, சில சமயம் பல பத்து மடங்கு பிரகாசமாகும். இதைத்தான் சீற்றம் என்கிறேன். கடல் சீற்றம் போல. நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் 2006 ஜூலையில் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசரைப் பார்த்தபோது, அதன் காமா கதிர்கள் மூன்று நிமிடம் போன்ற சிறு அவகாசத்தில் ஏறி இறங்கின. 2015 ஜூனில் 3சி 279 சீறியபோது, நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள் ஐந்து நிமிடத்துக்குள் ஒளி இரட்டிப்பானதைப் பதிவு செய்தது.

ஐந்து நிமிடத்தில் அப்படி என்ன பிரமாதம் என்று கேட்கலாம். ஒரு நீண்ட ஊர்வலத்தில் எல்லாப் பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் ஒரே கணத்தில் ஏற்றப்பட்டாலும், ஊர்வலத்தின் கடைசி விளக்கின் வெளிச்சம் நம்மிடம் வர முதல் விளக்கைவிட நேரமாகும். ஆகவே ஊர்வலம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் வெளிச்சம் கூடிக்கொண்டே போவதாகத் தெரியும். ஐந்து மணி ஒளித்தூரம் உள்ள ஒரு பொருள் ஐந்து நிமிடத்தில் இரட்டிப்பாக முடியாது. சூரியனைப் போல 100 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளையின் குறுக்களவை ஒளி கடக்கவே ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். அப்படியானால் சீறிய இடம் கருந்துளையைவிடச் சிறியதா? தாரையின் வேகம் காலத்தைச் சுருக்கிக் காட்டுகிறது என்பதைச் சேர்த்துக்கொண்டாலும் கணக்கு இழுபறியாகவே இருக்கிறது. தாரைக்குள் இன்னும் வேகமான குட்டித் தாரைகள் ஓடுகின்றன என்கிறார்கள் சிலர். முறுக்கேறிய காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டும்போது இந்த வெடிப்பு என்கிறார்கள் வேறு சிலர். அவ்வளவு தொலைவில் உள்ள அவ்வளவு சிறிய இடத்தை எந்தத் தொலைநோக்கியும் நேரே படம் எடுக்க முடியாது. ஒளி ஏறி இறங்குவதை மட்டும் வைத்துக்கொண்டுதான் உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் அலைநீளங்கள் வருகின்றன. பிளேசர் ஒரே சமயத்தில் ரேடியோ அலை, அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர் என்று எல்லாவற்றிலும் எரிகிறது. எதில் எவ்வளவு ஆற்றல் வருகிறது என்று வரைந்தால் ஒட்டகத்தின் முதுகு போல இரண்டு திமில்கள் தெரியும். முதல் திமிலின் கதை ஓரளவு தீர்ந்துபோனது. எலக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுற்றும்போது ஒளி விடுகின்றன. இரண்டாவது திமிலுக்குப் பலரும் சொல்லும் விளக்கம் கேரம் பலகையில் இருக்கிறது. மெதுவாகப் போகும் காய் மீது வேகமாக வரும் ஸ்ட்ரைக்கர் மோதினால் காய் பறக்கிறதல்லவா, அதே போல வேகமான எலக்ட்ரான் சாதாரண ஒளித்துகள் மீது மோதி அதைக் காமா கதிராக உயர்த்தி அடிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடச் சுமார் 50,000 கோடி மடங்கு ஆற்றல் உள்ள காமா கதிர்கள் இப்படி வருகின்றன. மார்க்கேரியன் 421 என்ற பிளேசரிலிருந்து இவ்வளவு பெரிய ஆற்றல் வருவதை அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள விப்பிள் தொலைநோக்கி 1992-ல் அறிவித்தபோது பலர் நம்பத் தயங்கினார்கள். இன்று அது பாடப்புத்தகச் சமாச்சாரம்.

இந்த விளக்கம் சரியென்றால் ஒரு சாட்சி கிடைக்க வேண்டும். மார்க்கேரியன் 421-ல் எக்ஸ் கதிரை விடுவதும் காமா கதிரை உயர்த்தி அடிப்பதும் ஒரே எலக்ட்ரான் கூட்டம். ஆகவே இரண்டும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்க வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ரேடியோ அலை மட்டும் வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து வந்து சேரும். டெல்லியில் ஜனவரி மாதம் இருந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மூட்டமான பனியில் லாரி வரும்போது ஹாரன் சத்தம் முதலில் கேட்கும், முகப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியப் பிந்தும். தாரையின் அடிப்பகுதி ரேடியோ அலைக்குப் பனிமூட்டம். காமா கதிர் அதை ஊடுருவி வந்துவிடும். சீறிய முடிச்சு தாரையோடு ஓடி, விரிந்து, மூட்டம் கலைந்த பிறகுதான் ரேடியோ வெளிச்சம் நம்மை அடைகிறது. அந்தத் தாமதத்தை அளந்தால் சீற்றம் கருந்துளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று உத்தேசமாகச் சொல்லலாம்.

என் தொழில் வழியாக இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மூலநூல் தொலைந்துவிட்டது, ஆறு மொழிபெயர்ப்புகள் மட்டும் கையில் இருக்கின்றன. ஒருவர் சுருக்கியிருக்கிறார், ஒருவர் கடைசி அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார், ஒருவர் நடுவில் முப்பது பக்கத்தை விட்டுவிட்டார். ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூலத்தைக் கட்ட வேண்டும். ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு மூலம் இதுதான் என்றால் மாட்டிக்கொள்வோம்.

விடுபட்ட பக்கங்கள் என்று சொன்னது வெறும் உவமை அல்ல. பூமியிலிருந்து காமா கதிரைப் பார்க்கும் தொலைநோக்கிகள் உண்மையில் பார்ப்பது, அந்தக் கதிர் நம் வளிமண்டலத்தில் மோதும்போது வரும் ஒரு நீலப் பளிச்சை. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரமே அது நீடிக்கும். நிலா பிரகாசமாக இருந்தால் பார்ப்பது கஷ்டம். மழை மேகம் இருந்தால் முடியவே முடியாது. பிளேசர் நம் அமாவாசையைப் பார்த்துச் சீறுவதில்லை. ஓரிடத்தில் விடிந்தால் இன்னோர் இடத்தில் இருட்டு வேண்டும். லடாக்கின் ஹன்லேக்கு மதிப்பு வந்தது இப்படித்தான். கேனரித் தீவுகளில் இன்னும் பகலாக இருக்கும்போதே அங்கே இருட்டிவிடுகிறது. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அங்கே இருக்கும் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூர் அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் மூலம் இயக்குகிறார்கள். அதன் பக்கத்திலேயே பாபா அணு ஆராய்ச்சி மையம் கட்டிய 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் முறைப்படி திறக்கப்பட்டது. காமா கதிரின் நீலப் பளிச்சைப் படம் பிடிக்கும் தொலைநோக்கிகளில் உலகிலேயே மிக உயரத்தில் இருப்பது இதுதான். இதற்கு முன்னோடி ராஜஸ்தானில், மவுண்ட் அபுவில் இருக்கிறது. மார்க்கேரியன் 501 என்ற பிளேசர் 1997-ல் மாதக்கணக்கில் சீறியபோது அந்த டாக்டிக் தொலைநோக்கி அதைப் பார்த்தது. நைனிடாலில் ஒரே இரவுக்குள் பிளேசர்களின் ஒளி எப்படி மாறுகிறது என்பதை 1990-களிலிருந்து அளந்து வருகிறார்கள். 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் சிறப்பே, புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி அமைத்ததுதான். ரேடியோவுக்குப் புனே அருகே முப்பது ராட்சத ஆன்டெனாக்கள் இருக்கின்றன. ஆறு மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவற்றை நம் நாட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற நிலை வந்திருக்கிறது. நம் பத்திரிகைகள் ராக்கெட் கிளம்பும் நாளுக்குக் கொடுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குக் கொடுத்ததில்லை. இந்தக் குற்றச்சாட்டில் நானும் அடக்கம்.

இப்போது 2022-க்கு வருவோம். அதற்கு முந்தைய டிசம்பரில் ஏவப்பட்ட ஐஎக்ஸ்பிஇ என்ற நாசா செயற்கைக்கோளால் முன்பு முடியாத ஒன்றைச் செய்ய முடிந்தது. எக்ஸ் கதிர் எவ்வளவு வருகிறது என்பதோடு, அது எந்தத் திசையில் அதிர்கிறது என்றும் அது அளந்தது. சில கூலிங் கிளாஸ்கள் தண்ணீர் மேல் பட்டு வரும் கூச்சத்தை மட்டும் வடிகட்டுகின்றனவே, அந்தத் தத்துவம்தான். ஒளியின் அதிர்வு ஒரே திசையில் ஒழுங்காக இருந்தால், அது பிறந்த இடத்தில் காந்தப் புலமும் ஒழுங்காக இருந்தது என்று பொருள். சுமார் 45 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள அதே மார்க்கேரியன் 501-ஐ 2022 மார்ச்சில் பார்த்தார்கள். எக்ஸ் கதிரில் ஒழுங்கு 10 சதவீதம். அதே சமயம் பூமியிலிருந்து அளந்த சாதாரண ஒளியில் ஏறக்குறைய அதில் பாதி.

அணையில் மதகைத் திறந்தால் வாயருகே நீர் ஒரே திசையில் பாயும். கீழே போகப் போகச் சுழித்துக் குழம்பும். மதகின் வாய் இங்கே ஓர் அதிர்ச்சி அலை. தாரையில் வேகமாக வரும் பொருள் மெதுவாகப் போகும் பொருளை முட்டும் இடம் அது. அங்கே எலக்ட்ரான்கள் வேகம் பெறுகின்றன. மிக வேகமானவை எக்ஸ் கதிரை விட்டுவிட்டு உடனே களைத்துப்போகின்றன. அதனால் எக்ஸ் கதிர் மதகருகே, ஒழுங்கான இடத்தில் மட்டும் பிறக்கிறது. களைத்த எலக்ட்ரான்கள் கீழே சுழிப்புக்குள் போன பிறகும் சாதாரண ஒளியை விட்டுக்கொண்டிருக்கின்றன. நாம் பார்த்த ஆறு நிறங்களும் ஒரே இடத்துக் காட்சி அல்ல. ஓடும் ஆற்றின் வெவ்வேறு மைல்கற்கள் அவை. இத்தனை ஆண்டு இழுத்த வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

ஆனால் பிலாய்க்காரர் கேட்டது ஒளியைப் பற்றி அல்ல, துகளைப் பற்றி. இதுவரை சொன்ன கதை முழுக்க எலக்ட்ரானின் கதை. எலக்ட்ரானால் நியூட்ரினோவை உண்டாக்க முடியாது. அதற்குப் புரோட்டான் வேண்டும். புரோட்டான் எலக்ட்ரானைப் போல 1,836 மடங்கு கனம், அதை அந்த வேகத்துக்குத் தள்ளுவது சாதாரண வேலை அல்ல. இதில் நூறாண்டுக்கும் மேற்பட்ட வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிப் போய், வானத்திலிருந்து ஏதோ கதிர்கள் பூமியில் விழுகின்றன என்று காட்டினார். அவை பெரும்பாலும் புரோட்டான்களும் அணுக்கருக்களும் என்று பின்னால் தெரிந்தது. அவற்றில் மிக அதிக ஆற்றல் கொண்டவற்றை யார் அனுப்புகிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை. வழியில் காந்தப் புலங்கள் அவற்றை வளைத்து வளைத்து அனுப்புவதால், வந்த திசையைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. நியூட்ரினோ வளையாது. தேனி மாவட்டம் பொட்டிபுரம் விவகாரத்தால் இந்தச் சொல்லை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எதனோடும் பெரும்பாலும் ஒட்டாமல் பூமியையே துளைத்துப் போகும் துகள் அது. புரோட்டான் மோதும் இடத்திலிருந்து நேராக வரும் சாட்சி.

புரோட்டான் மேல் சந்தேகம் 2002-லேயே வந்தது. 1இஎஸ் 1959+650 என்ற பிளேசரில் அந்த ஜூன் மாதம் காமா கதிர் சீறியது, கூடவே ஏற வேண்டிய எக்ஸ் கதிர் ஏறவில்லை. அநாதைச் சீற்றம் என்று பெயர் வைத்தார்கள். எலக்ட்ரான் கதைப்படி இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டும் வந்து நின்றது. அப்பா வேறு யாரோ என்று பேச்சு கிளம்பியது இயல்புதான்.

பிறகு 2017 செப்டம்பர் 22. தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 ஒளியுணர்விகளைத் தொங்கவிட்டிருக்கும் ஐஸ்கியூப் ஆய்வகத்தில் ஒரு நியூட்ரினோ தடம் விட்டது. ஆற்றல் சுமார் 290 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட். அந்தச் சமயத்தில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் வளையத்தில் ஓடிய புரோட்டான் ஒவ்வொன்றின் ஆற்றலைப் போல இது 40 மடங்குக்கும் மேல். 43 விநாடியில் உலகத் தொலைநோக்கிகளுக்கெல்லாம் தானியங்கித் தகவல் போனது. திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் அதே ஓரியன் கூட்டத்தின் தோளருகே, அந்தத் திசையில், டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசர் ஏப்ரல் முதலே சீறிக்கொண்டிருந்ததை ஃபெர்மி பார்த்திருந்தது. கேனரித் தீவில் உள்ள மேஜிக் தொலைநோக்கிகளும் அதிலிருந்து உயர் ஆற்றல் காமா கதிரைப் பிடித்தன. சீறும் பிளேசர், அதே திசையில் நியூட்ரினோ. அந்தச் செய்திதான் 2018 ஜூலையில் என் மேசைக்கு வந்தது.

அவசரத்தில் நான் விட்டுவிட்ட ஒரு வரி அந்தச் செய்தியிலேயே இருந்தது. இந்த ஒற்றுமை தற்செயலாக நேர்ந்திருக்க ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு வாய்ப்பு உண்டு என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஆயிரத்தில் ஒன்று என்றால் நமக்கெல்லாம் நிச்சயம் என்றுதான் தோன்றும். இயற்பியல்காரர்கள் 35 லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்தால்தான் ‘கண்டுபிடித்தோம்’ என்ற சொல்லை எடுக்கிறார்கள். அதுவரை ‘அறிகுறி’, ‘சான்று’ என்றே பேசுகிறார்கள். இந்த நாகரிகத்தை மொழிபெயர்ப்பில் முதலில் பலி கொடுப்பவர்கள் நாங்கள். நான்கு எழுத்தில் தலைப்பு வேண்டுமென்றால் ‘ஒருவேளை’ என்ற சொல்லுக்கு இடமிருக்காது.

கதை அத்தோடு முடியவில்லை. ஐஸ்கியூப் குழுவினர் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். அதே திசையிலிருந்து 2014 செப்டம்பர் முதல் 2015 மார்ச் வரை வழக்கத்தைவிட 13 நியூட்ரினோக்கள், கொஞ்சம் முன்பின் இருக்கலாம், கூடுதலாக வந்திருந்தன. ஒற்றை நியூட்ரினோவைவிட இது வலுவான சாட்சி. ஆனால் அந்த மாதங்களில் பிளேசர் காமா கதிரில் சீறவே இல்லை. சாதுவாகக் கிடந்தது. சீறியபோது ஒன்று, சும்மா இருந்தபோது பதிமூன்று. சீற்றம்தான் நியூட்ரினோவை அனுப்பியது என்ற அழகான கதைக்கு இது பொருந்தாது. நியூட்ரினோ பிறந்த இடத்தில் ஒளித்துகள் நெரிசல் அதிகமாக இருந்து, கூடப் பிறந்த காமா கதிர் அங்கேயே சிதைந்து, வெறும் எக்ஸ் கதிராக வெளியேறியிருக்கலாம் என்கிறார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியானால் நியூட்ரினோ தேடுவதற்குக் காமா சீற்றத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தப்பு. 2022-ல் ஐஸ்கியூப் இன்னொரு இடத்திலிருந்து சுமார் 80 நியூட்ரினோக்களைக் காட்டியபோது அந்த இடம் பிளேசரே இல்லை. என்ஜிசி 1068 என்ற, காமா கதிரில் மங்கலான, தூசு மூடிய அண்டம். தாரைகளுக்குப் பட்டம் கட்டிவிட்ட என் போன்றவர்களுக்கு இது இரண்டாவது அடி.

புரோட்டானுக்கு எதிரான சாட்சியும் வந்துவிட்டது. பெயர் கொடுத்த அந்த பிஎல் லாசெர்ட்டேயையே 2023 நவம்பரில் ஐஎக்ஸ்பிஇ பார்த்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதிர்வின் ஒழுங்கு 47.5 சதவீதம் வரை ஏறியது. எந்தப் பிளேசரிலும் இதுவரை இல்லாத உச்சம். எக்ஸ் கதிரிலோ 8 சதவீதத்துக்கும் கீழ். இந்தப் பிளேசரில் எக்ஸ் கதிர் இரண்டாவது திமிலின் அடிவாரத்தில் வருகிறது. அதைப் புரோட்டான்கள் உண்டாக்கியிருந்தால் ஒழுங்கு உயர்ந்திருக்க வேண்டும். எலக்ட்ரான் மோதி உயர்த்தி அடித்த ஒளியில்தான் ஒழுங்கு இப்படிக் கலைந்துபோகும். 2025-ல் இந்த முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிளேசருக்கு, ஒரு காலகட்டத்துக்கு, எக்ஸ் கதிருக்கு மட்டும் இது தீர்ப்பு. எலக்ட்ரானின் பக்கம்.

கர்ட்டிஸ் பார்த்த எம்-87-க்கும் திரும்பிப் போயிருக்கிறார்கள். 5.5 கோடி ஒளியாண்டுதான் தூரம், தாரை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஆகவே பக்கவாட்டில் பார்க்கும் வசதி. 2018 ஏப்ரலில் பூமியிலும் வானிலுமாக 25-க்கும் மேற்பட்ட தொலைநோக்கிகள் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது காமா கதிரில் சுமார் மூன்று நாள் சீறியது. பத்தாண்டுக்குள் அப்படி நடந்ததில்லை. கருந்துளையின் வளையத்தைப் படம் எடுத்த அதே வாரங்கள். சீறிய இடம் வளையத்தின் ஓரமா, தாரையின் இன்னும் மேலேயா என்பதற்கு அத்தனை கண்கள் இருந்தும் ஒரே பதில் வரவில்லை.

பழைய தாள்களைக் கட்டி வைத்திருக்கும் பெட்டியில் அந்த அஞ்சலட்டை இருக்கிறது. முகவரி மங்கவில்லை. பதிலைக் கடந்த வாரம் எழுதிப் போட்டேன்: ‘ஐயா, பின்பாதி தவறு. துகள் வெளியே, வாசலில் பிறந்தது. வாசலில் எந்த இடத்தில் என்று கேட்டு இன்னோர் அட்டை போட்டுவிடாதீர்கள்.’